மளிகைச் சாமானில் வண்டு விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி? புதுக் குடித்தனக்காரர்களுக்கு

முதன்முதலாகத் தனியாகச் சமைக்கத் தொடங்குபவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது: "டப்பாவை இறுக்கி மூடித்தானே வைத்தேன், உள்ளே எப்படி வண்டு வந்தது?" பெரும்பாலும் அது வெளியிலிருந்து வந்ததே இல்லை. கடையில் வாங்கும்போதே முட்டையாகவோ புழுவாகவோ தானியத்துக்குள் இருந்திருக்கிறது. நீங்கள் டப்பாவில் கொட்டி மூடி வைத்த ஒரு மாதத்தில் வளர்ந்து வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பலர் வேப்பிலையைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். வேப்பிலைக்கு ஓர் இடம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் முக்கியமான வேலை மூன்றுதான்: உள்ளே இருக்கும் முட்டையையும் புழுவையும் முதலிலேயே கொல்வது, சாமானை நன்றாகக் காயவைப்பது, காற்றுப் புகாமல் மூடுவது. இந்த மூன்றையும் செய்தால் மருந்து எதுவும் தேவைப்படாது.

எதில் எந்தப் பூச்சி

அரிசியில் விழுவது கூன்வண்டு. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக, கருஞ்சிவப்பாக, நீண்ட மூக்கோடு இருக்கும். பெண் வண்டு அந்த மூக்கால் அரிசியில் துளை போட்டு, உள்ளே ஒரு முட்டை வைத்து, பசை மாதிரி ஒன்றால் வாயை அடைத்துவிடும். ஒரு வண்டு தன் ஆயுளில் முந்நூறு முட்டை வரை வைக்கும். புழு அரிசிக்குள்ளேயே தின்று வளரும். நம் ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து வண்டாக நான்கைந்து வாரம் ஆகும். அதுவரை வெளியே பார்த்தால் நல்ல அரிசி மாதிரியேதான் இருக்கும். ஆகவே முறத்தில் போட்டுப் புடைத்து, கண்ணில் பட்ட வண்டை எல்லாம் எடுத்துவிட்டாலும் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வண்டு தென்படும்.

பயறு வகைகளில் கதை வேறு. பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, முழு உளுந்து இவற்றில் விழும் பயறு வண்டு முட்டையைத் தோலின் மேலேயே ஒட்டிவிடும். கைப்பிடி பச்சைப்பயறை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். பச்சைத் தோலின் மேல் கடுகில் கால்வாசிகூட இல்லாத வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அதுதான் முட்டை. நகத்தால் சுரண்டினால் லேசில் வராது. புழு அந்த முட்டைக்கு அடியிலேயே தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். வெளியே வரும்போது அச்சில் வெட்டியது போல வட்டமான ஓட்டை ஒன்று விழும். இந்த வண்டு செடியில் காய் முற்றும்போதே முட்டை வைக்கத் தொடங்கிவிடுகிறது. ஆக, கடைக்காரர் எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் பயறில் முட்டை இருக்க வாய்ப்பு உண்டு. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மாவு, ரவை, உடைந்த நொய் இவற்றில் வருவது சிவப்பு மாவு வண்டு. இதற்கு முழுத் தானியத்தைக் கடிக்கும் பலம் கிடையாது. தூளும் நொறுங்கலும் இருந்தால்தான் பெருகும். இது பெருகிய மாவில் ஒரு நெடி வரும், நிறமும் மங்கி இளஞ்சிவப்பாகத் தெரியும். வண்டு விடும் ஒரு ரசாயனம்தான் காரணம். அந்த மாவைச் சலித்துப் பயன்படுத்தலாமா என்று யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

ரவையிலும் கம்பிலும் நூலாம்படை கட்டி, கட்டிகட்டியாக ஒட்டியிருந்தால் அது அந்துப்பூச்சியின் புழு செய்த வேலை. சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு பூச்சி சமையலறைச் சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் தாய்ப்பூச்சி. தனியா, மஞ்சள், மிளகாய், சுக்கு இவற்றைக் குண்டூசி ஓட்டை போட்டு உளுத்துப்போக வைப்பது இன்னொரு சின்னப் பழுப்பு வண்டு. காரம் இருந்தால் பூச்சி வராது என்று நம்பி மிளகாய்த்தூளைக் கவனிக்காமல் விடுபவர்கள் உண்டு. அந்த வண்டுக்குக் காரம் ஒரு பொருட்டே இல்லை, அது புகையிலையையே தின்று வாழக்கூடியது.

வாங்கும்போதே தொடங்குங்கள்

இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு விலை மலிவு என்று 25 கிலோ மூட்டை வாங்கிப் போடாதீர்கள். புதியவர்களுக்கு என் முதல் அறிவுரை இதுதான். ஒரு மாதத்தில் எவ்வளவு தீரும் என்று தெரியும்வரை அரிசி ஐந்து, பத்துக் கிலோவாகவும், பருப்பு ஒரு கிலோவாகவும், ரவையும் மாவும் அரைக் கிலோவாகவும் வாங்குங்கள். பூச்சி ஒரு தலைமுறை பெருகுவதற்குள் சாமான் தீர்ந்துவிட்டால் பிரச்சினையே இல்லை.

பாக்கெட்டை வாங்கும்முன் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் தூள் படிந்திருக்கிறதா பாருங்கள். அரிசியில் வெள்ளைத் தூள் அதிகம் இருந்தால் உள்ளே யாரோ தின்றுகொண்டிருக்கிறார்கள். பயறில் வட்ட ஓட்டை ஒன்றிரண்டு தெரிந்தாலும் அந்தப் பாக்கெட் வேண்டாம். சில்லறையாக வாங்கினால் ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். புழுங்கிய வாடை அடித்தால் ஈரம் ஏறியிருக்கிறது.

தீட்டாத அரிசிகள் பக்கம் இப்போது நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை, கைக்குத்தல் அரிசி எல்லாம் நல்லவைதான். ஆனால் தவிடும் முளையும் ஒட்டியிருப்பதால் நமக்குப் பிடிப்பது போலவே வண்டுக்கும் அவை மிகவும் பிடிக்கும். பட்டை தீட்டிய பொன்னியைவிட இவற்றில் வண்டு சீக்கிரம் விழும், தவிட்டில் உள்ள எண்ணெய் சிக்கு வாடையும் அடிக்கும். இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாங்க வேண்டும். சாமை, தினை, வரகு அரிசிக்கும் இதே விதி. கேழ்வரகு மட்டும் விதிவிலக்கு. மணி மிகச் சிறிதாக இருப்பதால் வண்டு அதை அதிகம் சீண்டுவதில்லை. முழுத் தானியமாகக் காயவைத்து வைத்தால் வருஷக்கணக்கில் இருக்கும். மாவாக்கிவிட்டால் அந்தப் பாதுகாப்புப் போய்விடும், ஆகவே தேவைக்கு மட்டும் அரையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியது

கடைப்பையிலிருந்து நேராக டப்பாவுக்குப் போகக் கூடாது. நடுவில் ஒரு கட்டம் வேண்டும்.

பயறு, கடலை, முழு உளுந்து, தனியா, மிளகாய் எல்லாவற்றுக்கும் வெயில்தான் மருந்து. வெறுமனே மொட்டைமாடியில் துணி விரித்துப் பரப்பினாலும் ஈரம் போகும். ஆனால் உள்ளே இருக்கும் புழு சாக வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும். அதற்கு ஒரு வழி உண்டு. கருப்பு பாலிதீன் ஷீட் ஒன்றைத் தரையில் விரியுங்கள். அதன்மேல் சுத்தமான மெல்லிய துணி, அதன்மேல் பயறை ஓர் அங்குலத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். மேலே கண்ணாடி போன்ற பாலிதீன் ஷீட்டால் மூடி, நான்கு பக்கமும் கல் வைத்து அடைத்துவிடுங்கள். காலை பத்து மணி முதல் மூன்று மணி வரை நல்ல வெயிலில் இருந்தால் உள்ளே 60 டிகிரியைத் தாண்டும். முட்டை, புழு, கூட்டுப்புழு எதுவும் அதில் பிழைக்காது. மேகம் போட்ட நாளில் இதைச் செய்து பயனில்லை.

மொட்டைமாடி இல்லாத அபார்ட்மென்ட் வாசிகள் கவலைப்பட வேண்டாம். ஃப்ரீசர் இருக்கிறது. ஒரு கிலோ பருப்பையோ ரவையையோ இறுக்கமான கவரில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். மைனஸ் 18 டிகிரிக் குளிரில் முட்டை உட்பட எல்லாம் செத்துவிடும். வெளியே எடுத்ததும் கவரை உடனே பிரிக்கக் கூடாது, இது ரொம்ப முக்கியம். அப்படியே மேடையில் வைத்து, தொட்டால் சில்லென்று இல்லாமல் ஆன பிறகு பிரியுங்கள். அவசரப்பட்டுப் பிரித்தால் காற்றில் உள்ள ஈரம் தானியத்தின் மேல் முத்து முத்தாகப் படிந்துவிடும். பூச்சியைக் கொன்றுவிட்டுப் பூஞ்சையை வரவழைத்த கதையாகிவிடும்.

அரிசியை மட்டும் உச்சிவெயிலில் போடாதீர்கள். சூட்டில் அரிசி வெடித்து, சமைக்கும்போது நொய்யாக உடைந்துபோகும். நிழலில், மின்விசிறிக்கு அடியில், பழைய பருத்தி வேட்டியில் பரப்பி ஒரு நாள் விட்டால் போதும். இருக்கும் வண்டுகளும் தானாக ஓரத்துக்கு நகர்ந்து வெளியேறும். அதற்குப் பிறகு சலிப்பது முக்கியம். முறத்தில் புடைக்கத் தெரிந்தால் புடையுங்கள், இல்லையென்றால் ஓட்டைச் சல்லடை போதும். நொய்யும் தூளும் அடியில் விழுந்துவிட வேண்டும். மாவு வண்டுக்கு உணவே அந்தத் தூள்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

எதைக் காயவைத்தாலும், வறுத்தாலும், முழுசாக ஆறிய பிறகுதான் டப்பாவுக்குள் போக வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறம் வேர்த்து, அந்தத் தண்ணீர் மறுபடி தானியத்திலேயே சொட்டும்.

டப்பா விஷயம்

பூச்சிக்கும் மூச்சு வேண்டும். நிறைய நிரப்பிய டப்பாவில் காற்று கொஞ்சம்தான் இருக்கும். தப்பிப் பிழைத்த ஒன்றிரண்டு வண்டு அந்தக் காற்றைச் சுவாசித்துத் தீர்த்துவிட்டால், ஆக்சிஜன் குறைந்து தானாகவே சாகும். இந்த ஒரு உண்மையை வைத்தே பாதி ஏற்பாட்டைச் செய்துவிடலாம். பத்துக் கிலோ அரிசியை ஒரே பெரிய டிரம்மில் போட்டுத் தினமும் திறந்து மூடினால், தினமும் புதுக் காற்று ஊட்டுகிறீர்கள் என்று அர்த்தம். அதையே மூன்று டப்பாவாகப் பிரித்து, கழுத்துவரை நிரப்பி, ஒன்றை மட்டும் அன்றாடத்துக்கு வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் தேவைப்படும்வரை திறக்காமல் விடுங்கள்.

டப்பா உண்மையிலேயே காற்றுப் புகாததா என்று சோதிப்பது சுலபம். அரை டப்பா தண்ணீர் ஊற்றி, மூடி, தலைகீழாகப் பிடியுங்கள். தண்ணீர் சொட்டினால் காற்றும் போகும், பூச்சியும் போகும். வீட்டில் இருக்கும் எவர்சில்வர் தூக்குகளில் பல இந்தச் சோதனையில் தோற்றுவிடும். தூக்கி எறிய வேண்டாம், சீக்கிரம் தீரும் சாமானை அதில் வையுங்கள். பயறுக்கு என் தேர்வு, கழுவி முழுசாகக் காயவைத்த இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ பிடிக்கும், திருகு மூடி இறுக்கமாக இருக்கும், உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும். ஒட்டாமல் மடித்து ரப்பர் பேண்ட் போட்ட பிளாஸ்டிக் கவரை நம்பாதீர்கள். மெல்லிய பாலிதீனை அந்துப்புழுவும் சில வண்டுகளும் கடித்துத் துளைத்துவிடும். பாக்கெட்டோடு வைக்க விரும்பினால் பாக்கெட்டையே டப்பாவுக்குள் வையுங்கள்.

இன்னொரு பழக்கம் வந்தே ஆக வேண்டும். பழைய சாமான் அடியில் கிடக்க, அதன் மேலேயே புதியதைக் கொட்டக் கூடாது. பழசைத் தனியாக எடுத்து, டப்பாவைக் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, புதியதைப் போட்டு, பழசை மேலே போடுங்கள் அல்லது முதலில் சமைத்துத் தீருங்கள். மூடியின் விளிம்பில் இருக்கும் பள்ளத்தைப் பழைய பிரஷ்ஷால் தேயுங்கள். துடைத்துவிட்டோம் என்று நாம் நினைக்கும் டப்பாவில், அந்தப் பள்ளத்தில் ஒட்டியிருக்கும் மாவில்தான் அடுத்த கூட்டம் பிறக்கிறது. அலமாரித் தட்டின் மூலையும், தட்டில் விரித்த செய்தித்தாளின் அடிப்பக்கமும் அப்படித்தான்.

ஈரக்கையும் ஈரக்கரண்டியும் உள்ளே போகவே கூடாது. அடுப்புக்கு மேல் உள்ள தட்டில் தானியம் வைக்காதீர்கள், குக்கர் விசில் நீராவி முழுக்க அங்கேதான் ஏறும்.

சாமான் வாரியாகச் சில குறிப்புகள்

பருப்பைப் பொறுத்தவரை, முழுப்பயறைவிட உடைத்துத் தோல் நீக்கிய பருப்பு அதிக நாள் தாங்கும். பயறு வண்டுக்கு முட்டை ஒட்ட வழவழப்பான தோலும், புழு வளர முழுப் பருப்பும் வேண்டும். நம் கரிசல் காட்டு வீடுகளில் துவரையை ஊறவைத்து, செம்மண் குழைத்துக் கட்டி, வெயிலில் காயப்போட்டு, திருகையில் உடைத்து வருஷம் முழுக்க வைத்துக்கொண்ட பழக்கத்தில் இந்தப் பலனும் சேர்ந்தே இருக்கிறது.

முழுப்பயறை மாதக்கணக்கில் வைக்க வேண்டுமானால் எண்ணெய் தடவுங்கள். ஒரு கிலோவுக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி விளக்கெண்ணெய். அகலமான தாம்பாளத்தில் பயறைக் கொட்டி, எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு, பயறை அள்ளி அள்ளிப் பிசறுங்கள். ஒவ்வொரு மணியிலும் லேசாக மினுமினுப்பு வந்தால் போதும், கையில் எண்ணெய் வழியக் கூடாது. எண்ணெய்ப் படலம் முட்டையின் மூச்சை அடைத்துவிடும், புது முட்டையும் சரியாக ஒட்டாது. நல்லெண்ணெய், கடலை எண்ணெயும் வேலை செய்யும், ஆனால் அவை சில மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும். விளக்கெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் கெடாது. சமைக்கும்முன் இளஞ்சூடான தண்ணீரில் இரண்டு முறை கழுவினால் போய்விடும்.

ரவையை வாங்கிய அன்றே வறுத்துவிடுங்கள். அடி கனமான வாணலியில், எண்ணெய் இல்லாமல், சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். நிறம் மாற வேண்டியதில்லை. விரலால் தொட்டால் சுரீர் என்று சுட வேண்டும், கிளறும்போது மணல் மாதிரி உதிர வேண்டும். சேமியாவுக்கும் அவலுக்கும் இதே பக்குவம். உப்புமா செய்யும்போது ஒரு வேலை மிச்சம் என்பது கூடுதல் லாபம். கோதுமை மாவு, மைதா, கடலை மாவு இவற்றை வறுக்க முடியாது, ஆகவே குறைவாக வாங்கி ஃப்ரிட்ஜில் வையுங்கள். இடம் இல்லையென்றால் ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்து எடுத்து டப்பாவில் போடுங்கள்.

மிளகாயைக் கையில் எடுத்துக் குலுக்கினால் விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும். அதுவரை வெயில் காட்டுங்கள். காம்பைக் கிள்ளாமல் வையுங்கள், அரைக்கும்போது கிள்ளிக்கொள்ளலாம். காம்பு போன இடம் ஈரத்துக்கும் பூச்சிக்கும் வாசல். மாசி பங்குனியில் புது மிளகாய் வந்ததும் வருஷத்துக்கு வாங்கிப் பொடி அரைப்பவர்கள், மில்லிலிருந்து வந்த பொடியைத் தாளில் பரப்பி முழுக்க ஆறவிட்டு, சின்னச் சின்ன ஜாடிகளாகப் பிரித்து வைப்பது நல்லது. கட்டிப் பெருங்காயத் துண்டு ஒன்று போடுவது பல வீடுகளில் வழக்கம், அதனால் வாசம் கூடுமே தவிரக் கெடுதல் இல்லை.

புளியில் கொட்டை இருந்தால் அதைத் தேடி ஒரு வண்டு வரும். கொட்டையும் நாரும் கோதும் எடுத்து, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ அடியில் கல் உப்பு, மேலே புளி, மறுபடி உப்பு என்று அடுக்கி இடைவெளி இல்லாமல் அழுத்தி வையுங்கள். உலோகப் பாத்திரம் வேண்டாம், புளியின் அமிலம் அதை அரித்துவிடும்.

நிலக்கடலையைத் தோட்டோடு வாங்குவது பருப்பாக வாங்குவதைவிடத் தாங்கும். திராட்சை, பேரீச்சை, முந்திரி எல்லாம் ஃப்ரிட்ஜ் சாமான், அதில் வாதமே வேண்டாம்.

வேப்பிலை, வசம்பு முதலான இயற்கைக் காவல்கள்

இங்கே உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். இலைகளும் வாசனைப் பொருட்களும் பெரும்பாலும் விரட்டும், கொல்லாது. அரிசிக்குள் அடைபட்டுக் கிடக்கும் புழுவை வேப்பிலை ஒன்றும் செய்ய முடியாது. வெளியிலிருந்து புதிதாக வரும் பூச்சியைத் தயங்கவைக்கும், அவ்வளவுதான் அதன் எல்லை. மேலே சொன்ன காயவைப்பது, மூடுவது இரண்டையும் செய்துவிட்டு அதற்கு மேல் துணையாகப் போடுங்கள். அதற்குப் பதிலாகப் போடாதீர்கள்.

வேப்பிலை போடுவதென்றால் நிழலில் உலர்த்தி, நொறுங்கும் பதத்தில் போட வேண்டும். பச்சை இலையை அப்படியே போட்டால் அதன் ஈரமே பூஞ்சைக்கு வழி செய்துவிடும். வேம்பில் பூச்சியைத் தடுக்கும் சத்து இலையைவிடக் கொட்டையில்தான் மிக அதிகம். ஆனால் கொட்டையின் கசப்பும் நெடியும் சமையல் சாமானுக்கு ஒத்துவராது, அது விதைத் தானியத்துக்குத்தான் சரி. நொச்சி இலையையும் புங்க இலையையும் கிராமங்களில் குதிருக்குள் அடுக்கடுக்காகப் போடுவார்கள். கிடைத்தால் உலர்த்தி, மெல்லிய துணியில் முடிந்து போடுங்கள். அரிசியில் நாலைந்து காய்ந்த மிளகாய் போடுவதும் இதே வகைதான்.

வசம்பு இவற்றில் வலுவானது, சில பூச்சிகளின் இனப்பெருக்கத்தையே அது குறைக்கும். வலு இருப்பதால்தான் கவனமும் வேண்டும். அதில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் உடலுக்கு நல்லதல்ல என்பதால் அமெரிக்காவில் 1968 முதல் உணவில் வசம்பு சேர்க்கத் தடை இருக்கிறது. ஆகவே பொடித்து அரிசியில் கலக்காதீர்கள். முழுத் துண்டாகத் துணியில் முடிந்து, டப்பாவில் ஒரு மூலையிலோ அலமாரியிலோ வையுங்கள்.

சாம்பல் கலப்பது விதைக்காக எடுத்துவைக்கும் பயறுக்கு அருமையான முறை. நுண்ணிய தூள் பூச்சியின் உடல்மேல் உள்ள மெழுகுப் பூச்சை உரசி எடுத்து அதை உலரவைத்துவிடும். சமையல் பயறுக்கு எண்ணெய் போதும்.

போரிக் பவுடரைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அரிசியில் அதைக் கலப்பது இன்றும் பல வீடுகளில் நடக்கிறது. கழுவினால் போய்விடும் என்கிறார்கள். அது சாப்பிடும் பொருள் கிடையாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் யோசிக்கவே வேண்டாம். நாப்தலின் உருண்டை தானியத்தின் பக்கத்திலேயே வரக் கூடாது. கிடங்குகளில் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை யாராவது "ஒன்றே ஒன்று போடு, வருஷம் பூரா வண்டு வராது" என்று கொடுத்தால் வாங்காதீர்கள். அது ஈரக்காற்றுப் பட்டால் பாஸ்பீன் வாயுவை விடும். மூடிய வீட்டுக்குள் அந்த வாயு ஆளையே கொன்றுவிடும்.

இதையெல்லாம் மீறி வண்டு விழுந்தால்

பதற வேண்டாம். அரிசி வண்டு கடிக்காது, நோய் பரப்பாது. ஒன்றிரண்டு வண்டு என்றால் நிழலில் பரப்பி, சலித்து, களையும்போது மேலே மிதக்கும் அரிசியைத் தண்ணீரோடு வடித்துவிடுங்கள், உளுத்த அரிசிதான் மிதக்கும். மிச்சம் உள்ளதைப் பகுதி பகுதியாக ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் உள்ளே இருக்கும் புழுக்களும் தீரும்.

மூட்டையாக வாங்கும் பெரிய குடும்பங்களுக்கு ஒரு நல்ல கருவி உண்டு. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய தானிய வண்டுப் பொறி. ஒரு குழாய், அதன் உடம்பு முழுக்க 2 மில்லிமீட்டர் ஓட்டைகள், அடியில் கழற்றக்கூடிய ஒரு கூம்பு. அவ்வளவுதான். வண்டுகளுக்குக் காற்று இருக்கும் பக்கம் போகும் குணம் உண்டு. குழாயை அரிசிக்குள் செங்குத்தாகச் செருகிவிட்டால், காற்றைத் தேடி ஓட்டை வழியாக உள்ளே நுழையும் வண்டு வழுக்கிக் கூம்புக்குள் விழும், மேலே ஏற முடியாது. அரிசி நுழையாது. வாரம் ஒருமுறை கழற்றிக் கொட்டினால் போதும். மருந்தும் இல்லை, கரண்டும் இல்லை. வண்டு முட்டை வைக்கும் முன்பே பிடித்துவிடுவதால் பெருக்கம் அடங்கும். இவ்வளவு எளிய கருவி நம் ஊரிலேயே பிறந்தும் பல வீடுகளுக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு ஆதங்கம்தான்.

பயறில் பாதிக்கு மேல் ஓட்டை என்றால் சமையலுக்கு வேண்டாம். நூலாம்படை கட்டிய ரவை, நெடி அடிக்கும் மாவு, பூஞ்சை பிடித்த கடலை இவற்றில் சிக்கனம் பார்க்காதீர்கள். பூஞ்சைக் கடலையின் நஞ்சு வறுத்தாலும் போகாது. கொட்டும்போது கவரில் கட்டி அன்றே வீட்டை விட்டு வெளியே போட்டுவிடுங்கள். சமையலறைக் குப்பைக்கூடையில் இரண்டு நாள் கிடந்தால் எல்லா வண்டும் திரும்பி அலமாரிக்கே வரும். ஒரு டப்பாவில் பூச்சி தெரிந்தால் பக்கத்து டப்பாக்களையும் அன்றே திறந்து பாருங்கள். அலமாரியைத் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்ட பிறகு அடுக்குங்கள்.

எப்போது கவனிக்க வேண்டும்

பதினைந்து நாளுக்கு ஒருமுறை டப்பாக்களை ஒரு பார்வை பாருங்கள். அடியில் தூள் சேர்ந்திருக்கிறதா, மூடியின் உட்புறம் நூல் தெரிகிறதா, அது மட்டும் போதும். பூச்சி ஒரு தலைமுறை வளர ஏறக்குறைய ஒரு மாதம் எடுப்பதால், இடையில் ஒரு முறை பார்த்தால் கையோடு பிடித்துவிடலாம்.

வருஷச் சாமான் வாங்கி வைக்க மாசி முதல் சித்திரை வரை நல்ல காலம். புது மிளகாயும் புளியும் வரும், டெல்டாவில் சம்பா நெல்லுக்குப் பின் விதைத்த உளுந்தும் பயறும் பங்குனி சித்திரையில் களத்துக்கு வரும், காயவைக்க வெயிலும் தாராளமாக இருக்கும். புரட்டாசி பாதியில் ஒரு முறை எல்லாவற்றையும் மறுபடி வெயிலில் போட்டு எடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தானியம் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த இரண்டு மாதமும் புதிதாக எதையும் அதிகம் வாங்காமல், இருப்பதைத் திறந்து திறந்து மூடாமல் இருப்பதே நல்லது.

நீண்ட நாள் ஊருக்குப் போகிறீர்கள் என்றால், திறந்து பாதி காலியான டப்பாக்கள்தான் ஆபத்து. கிளம்பும்முன் அவற்றில் உள்ளதைச் சின்ன பாட்டில்களுக்கு மாற்றிக் கழுத்துவரை நிரப்பிவிடுங்கள். மாவையும் ரவையையும் ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுப் போகிறவர் என்றால், மிச்ச மாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.